உம்மா கொடுத்த சிறுநீரகம்

எங்கள் வீட்டு அலமாரியில், மறைந்த வாப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கும் ஹஜ்ஜிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஜம்ஜம் நீர்க் குப்பிக்கும் நடுவில், மூடியிட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பி ஒன்று பதினெட்டு ஆண்டுகள் இருந்தது. எங்கள் தம்பிக்கு 14 வயதாக இருக்கும்போது அறுவை செய்து எடுத்த கல் அதனுள் இருந்தது. வெளிர் மஞ்சள் நிறம், கொண்டைக்கடலை அளவு. வீட்டுக்கு வருவோருக்கெல்லாம் அதைக் காட்டுவோம். இவ்வளவு பெரிய கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை பந்து விளையாடியது என்று அவர்கள் வியப்பார்கள். எங்களுக்கும் அதில் ஒருவகைப் பெருமை. அந்தக் கல்லை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, அது எதனால் ஆனது என்று பார்க்கலாம் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் புதுவாயல். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால், பெரியபாளையம் சாலை பிரிகிற கூட்டுரோடு. இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடும். ஆண்களில் பெரும்பாலோர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள். இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று வருகிறவருக்கு வேர்வையில் உடம்பு வற்றிப் போவது அன்றாடம். ஆகவே இங்கே சிறுநீரகக் கல் ஒரு நோயாகவே எண்ணப்படுவதில்லை. "போர்வெல் தண்ணீர் உப்பு, உலைச் சூடு, தண்ணீர் குடிக்க நேரமில்லை" என்று மூன்று காரணங்கள் எல்லார் நாவிலும் ஆயத்தமாக இருக்கும். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் இல்லாத வீடு அரிது. இந்தக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் தம்பிக்கு முதல் கல் வந்தது 9 வயதில்; அவன் அப்போது எந்த உலையின் முன்னாலும் நிற்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏன் கல் வருகிறது, அதுவும் இரண்டு சிறுநீரகங்களிலும் ஏன் வருகிறது, எடுத்த பின்னும் ஏன் மறுபடி வருகிறது என்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஊர் முழுவதற்கும் பொதுவான அந்தப் பதில் மூடிவிட்டது.

அவன் வளர்ந்து, சிப்காட்டிலேயே ஓர் ஆலையில் சேர்ந்து, திருமணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனுமான பிறகு, 31ஆம் வயதில் சிறுநீரகங்கள் செயலிழந்தன. கல் அடைத்து அடைத்துக் கெட்டுப்போயின என்றார்கள். அதுவும் முழுப் பொய்யில்லை. கையில் ஃபிஸ்டுலா வைத்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் தொடங்கியது. கவரைப்பேட்டையில் புறநகர் இரயிலேறிச் சென்னைக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து, தலைசுற்றலோடு திரும்புவான்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது வீட்டில் பேச்சே எழவில்லை. உம்மா முந்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 54. தம்பிக்கும் அவருக்கும் ஒரே இரத்த வகை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய் நெருங்கிய உறவு என்பதால் ஒப்புதல் நடைமுறையும் எளிதாயிற்று. செலவில் பெரும்பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. உறவில் ஒரு பெரியவர் மட்டும், அல்லாஹ் கொடுத்த உடம்பை அறுத்துக் கொடுப்பது ஆகுமா என்று கேட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம். இந்தக் கேள்வியை உலக அளவில் மார்க்க அறிஞர்கள் கூடி ஆராய்ந்திருக்கிறார்கள் என்றும், 1988இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவருக்குக் கேடு வராத அளவிலும் விற்பனையாக ஆகாத வகையிலும் உறுப்புக் கொடை ஆகும் என்று தீர்மானித்திருக்கிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பெரியவர் அதன்பின் உம்மாவுக்காக நோன்பு நோற்றார் என்று கேள்விப்பட்டோம்.

அறுவை நன்றாக முடிந்தது. மேசையின் மேலேயே புதுச் சிறுநீரகம் சிறுநீர் பிரிக்கத் தொடங்கிவிட்டது என்று அறுவை மருத்துவர் வெளியே வந்து சொன்னார். 9க்கு மேல் இருந்த கிரியேட்டினின் ஏழாம் நாள் 1.7க்கு இறங்கியது. அன்று வார்டுக்கு வெளியே நாங்கள் அழுததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் மகிழ்ந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் கிரியேட்டினின் 2.1. பதினாறாம் நாள் 2.9. உடம்பு புது உறுப்பை ஏற்க மறுக்கிறது என்று கருதி, மூன்று நாட்கள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். குறையவில்லை, இருபதாம் நாள் 3.6. புதுச் சிறுநீரகத்தில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

பயாப்ஸி முடிவு வந்த அன்று சிறுநீரக மருத்துவர் எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். மறுப்பின் அடையாளம் எதுவும் இல்லை என்றார். ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழல்களுக்குள் படிகங்கள் அடைந்திருக்கின்றன. ஒளியை ஒரே தளத்தில் செலுத்தும் தனிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவை பல நிறங்களில் மின்னுகின்றன. அவை கால்சியம் ஆக்சலேட் என்றார். கணினித் திரையில் அந்தப் படத்தைக் காட்டவும் செய்தார். சொன்னால் தவறாக எண்ணவேண்டாம், அழகாகத்தான் இருந்தது. பெருநாள் இரவில் கடைத்தெருவில் தொங்கும் வண்ண விளக்குகள்போல.

அடுத்து அவர் கேட்டது எங்களுக்கு முதலில் விளங்கவே இல்லை. "உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா?"

சொந்தந்தான். வாப்பாவின் தாயாரும் உம்மாவின் தகப்பனாரும் உடன்பிறந்தவர்கள். பழவேற்காட்டில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அங்கே எங்கள் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றே நினைத்தோம். மருத்துவர் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு கல்லைப் பற்றிக் கேட்டார். எந்த வயதில் முதலில் வந்தது, எத்தனை முறை, கல்லைச் சோதித்தீர்களா. டப்பி வீட்டில் இருப்பதைக் கூறியதும் அவர் எழுந்தே விட்டார். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பதினெட்டு ஆண்டு அலமாரியில் கிடந்த கல் ஆய்வகம் சென்று, கலப்பே இல்லாத கால்சியம் ஆக்சலேட் என்ற முடிவோடு திரும்பியது. இரத்தத்தில் ஆக்சலேட் பல மடங்கு மிகுந்திருந்தது. மரபணுச் சோதனைக்கு இரத்தம் போயிற்று. ஐந்து வாரம் கழித்து வந்த தாளில் 'பிரைமரி ஹைபர் ஆக்சலூரியா, முதல் வகை' என்றிருந்தது.

இந்தப் பெயரை நாங்கள் வாயில் நுழைய வைத்துக்கொள்ளவே சில நாட்கள் ஆயின. மருத்துவர் விளக்கியதையும் பின்னர் நாங்கள் படித்து அறிந்ததையும் இயன்றவரை எளிதாகச் சொல்கிறோம்.

நோய் சிறுநீரகத்தில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. உடம்பின் வேதிமாற்றங்களில் கிளையாக்சிலேட் என்றொரு பொருள் உண்டாகிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைத் தீங்கற்ற கிளைசினாக மாற்றிவிடும். அந்த நொதியை ஆக்கும் மரபணுவின் பெயர் ஏ.ஜி.எக்ஸ்.டி. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்குக் கிடைக்கும் அதன் இரு படிகளும் பழுதுபட்டிருந்தால் நொதி வேலை செய்யாது. கிளையாக்சிலேட் ஆக்சலேட்டாக மாறிக் குவியும். ஆக்சலேட்டை வெளியேற்றச் சிறுநீரகத்தைத் தவிர வேறு பெரிய வழி உடம்புக்கு இல்லை. அது கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிறது, சிறுநீரகத் தசைக்குள் படிகிறது, கடைசியில் சிறுநீரகத்தையே கெடுக்கிறது. வெளியேறும் வாயில் அடைபட்ட பின் எலும்பு, கண், இதயம், தோல் என்று எங்கும் போய்த் தங்குகிறது. டயாலிசிஸ் இயந்திரம் எடுப்பதைவிடக் கல்லீரல் ஆக்குவது மிகுதி. இந்த நிலையில் புதுச் சிறுநீரகம் ஒன்றைப் பொருத்தினால், ஆண்டுக்கணக்கில் எலும்பில் சேர்ந்திருந்த ஆக்சலேட்டெல்லாம் கரைந்து அதை நோக்கிப் பாய்கிறது. புதியது நன்றாக வேலை செய்வதே அதற்குக் கேடாகிறது. எங்கள் தம்பி ஆலையில் வேலை பார்ப்பவன் அல்லவா, அவன் இதைக் கேட்டுவிட்டு, "ஆலை கழிவைக் கொட்டிக்கொண்டே இருக்கும்போது வாய்க்காலை மட்டும் மாற்றினால் எப்படி?" என்றான். மருத்துவர் அந்த உவமையைத் தாமும் பயன்படுத்திக்கொள்வதாகச் சொன்னார்.

நொதியின் குறைபாடுதான் காரணம் என்று இங்கிலாந்தில் டான்பூர், ஜென்னிங்ஸ் என்ற இருவர் கண்டது 1986இல். அதையொட்டிய காலத்திலேயே கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றும் சிகிச்சையும் தொடங்கிவிட்டது. ஆகவே இது நேற்று வந்த அறிவு அல்ல. ஆனால் ஐரோப்பியக் கணக்குப்படி பத்து இலட்சம் பேரில் ஒருவர் முதல் மூவருக்கே இந்நோய் இருப்பதால், பல மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருவரைக்கூடப் பார்ப்பதில்லை. மேலும், சிறுநீரகம் செயலிழந்த பிறகு கண்டுபிடிப்பது இன்னும் கடினம். சிறுநீரே சொற்பமாக இருக்கையில் அதில் ஆக்சலேட்டை அளப்பதில் பொருளில்லை. சுருங்கிப்போன பழைய சிறுநீரகத்தில் பயாப்ஸி எடுக்க யாரும் துணிவதில்லை. இதனால், பொருத்திய சிறுநீரகம் கெட்ட பிறகே நோய் இன்னதென்று அறிந்தவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள் என்று படித்தோம். இதில் ஆறுதல் கொள்வதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எவரையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. குறை கூறத் தொடங்கினால் எங்கள் அலமாரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எங்களைக் கலக்கியது. கிரியேட்டினின் ஏறத் தொடங்கிய நாளிலிருந்தே அவர் ஒன்றை மனத்தில் வைத்துக் குமைந்துகொண்டிருந்தார். தம் சிறுநீரகம் முதியது, தம்மிடம் ஏதோ குறை, அதனால்தான் மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. தஹஜ்ஜுத் தொழுகையில் அவர் நெடுநேரம் சுஜூதில் கிடப்பதை அறைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறோம். ஆகவே முதலில் அதைச் சொன்னோம். "உம்மா, நீங்கள் கொடுத்தது நல்ல சிறுநீரகம். அதில் ஒரு குறையும் இல்லை. அவன் கல்லீரல்தான் அதைக் கெடுத்தது."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தோம். ஆனால் படிக்காதவராயினும் கூர்மையானவர். "கல்லீரலுக்கு இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

பாதி உங்களிடமிருந்து, பாதி வாப்பாவிடமிருந்து என்றோம். ஒரு பாதி மட்டும் உள்ளவருக்கு எந்த நோயும் இல்லை. தம்மிடம் அது இருப்பதை அறியாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடலாம். இரு பாதியும் ஒரே பிள்ளையிடம் சேர்வதற்கு ஒவ்வொரு பேறிலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று மருத்துவர் வரைந்து கொடுத்த கட்டங்களைக் காட்டினோம். அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கொடுத்திருக்கிறோம்" என்றார். அதைக் குற்றமாகச் சொன்னாரா, வாப்பாவின் நினைவில் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சொந்தத்தில் திருமணம் முடிப்பதைப் பற்றி இங்கே எழுதினால் சிலருக்கு வருத்தம் வரும் என்பதை அறிவோம். உறவு முறையில் ஒருவர் வந்து, மார்க்கம் அனுமதித்ததையா குறை சொல்கிறீர்கள் என்று நேரிலேயே கேட்டார். இல்லை. மாமன் மகளையும் அத்தை மகளையும் சிறிய தந்தை மகளையும் மணப்பது ஆகுமான செயல். கட்டாயமான செயல் அல்ல. ஆகுமான பலவற்றை நாம் உடம்பைப் பார்த்து ஒதுக்குகிறோம். சர்க்கரை நோயாளிக்கு ஹல்வா ஹராம் இல்லை. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்பது தென்னாட்டுக்கே பொதுவான சொல். சொந்தத்தில் மணந்த பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பழுதுபட்ட ஒரு மரபணு ஒரு குடும்பத்தில் ஒளிந்திருக்கும்போது, அதே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்ப மணந்தால் இரு பாதிகள் சந்திக்கும் வாய்ப்பு பெருகுகிறது. உறவில் மணப்பது மிகுந்த துனீசியாவில், சிறுநீரகம் முற்றாகக் கெட்ட குழந்தைகளுள் பத்தில் ஒருவருக்கு மேல் இந்த நோயே காரணம் என்று 1990களில் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பாவில் அது மிகக் குறைவு.

நாங்கள் உடன்பிறந்தோர் ஐவர். தம்பியைத் தவிர்த்த நால்வரும் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். குடும்பத்தில் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டதால் இம்முறை செலவு குறைவு. இருவருக்கு ஒரு பாதி. ஒருவருக்கு எதுவுமில்லை. கடைசித் தங்கைக்கு, இருபத்து நான்கு வயது, ஒருநாள்கூட வயிற்று வலி என்று படுத்ததில்லை, அவளுக்கு இரு பாதியும்.

ஒரே பழுது, ஒரே பெற்றோர். அண்ணனுக்கு 9 வயதில் கல், தங்கைக்கு 24 வயதிலும் ஒன்றுமில்லை. ஏன் என்று மருத்துவரைக் கேட்டோம். இந்நோய் ஒரே குடும்பத்துக்குள்ளும் இப்படி வேறுபடும் என்பதற்கு மேல் சொல்ல இயலாது என்றார். ஸ்கேன் எடுத்தபோது அவள் சிறுநீரகத்தில் சிறு பொடிகள் தெரிந்தன. சிறுநீரகம் முழுமையாக வேலை செய்கிறது. அல்ஹம்துலில்லாஹ், உம்மாவின் சிறுநீரகம் வீணாகவில்லை என்று எங்கள் வீட்டில் யாரோ அப்போது சொன்னார்கள். தம்பிதான் சொன்னான் என்று நினைக்கிறோம்.

இப்போது தங்கைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வேலை. மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர்; அதுவும் பகலில் மட்டுமல்ல, இரவில் இருமுறை எழுந்து. பொட்டாசியம் சிட்ரேட். வைட்டமின் பி6. கெட்டுப்போன நொதிக்கு பி6 துணைப்பொருள். சில வகைப் பழுதுகளில் அது நல்ல பலன் தருகிறது, பலவற்றில் தருவதில்லை. அவளுக்கு மூன்று மாதத்தில் சிறுநீர் ஆக்சலேட் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வைட்டமின் சி மாத்திரை கூடாது. அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். பசலைக் கீரையையும் பாதாமையும் ஒதுக்கிவிட்டாள். அது சிறு உதவிதான், பெரும்பகுதி கல்லீரலே ஆக்குவது. அளப்பதற்கு 24 மணி நேரச் சிறுநீரை ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து, துணிப்பையில் மறைத்து, இரயிலில் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை பக்கத்தில் அமர்ந்த அம்மா ஒருவர், பழச்சாறா என்று கேட்டாராம். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாள்.

கடினமானது ரமலான். பகல் முழுவதும் நீரின்றி இருப்பது அவள் சிறுநீரகத்துக்கு நஞ்சு என்று மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். நீங்காத நோயுள்ளவர் நோன்பை விட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம் என்று ஹஜ்ரத்தும் தெளிவுபடுத்தினார். ஆனால் ஓடியாடித் திரிகிற, முகத்தில் நோயின் சாயலே இல்லாத ஒரு பெண் நோன்பு மாதத்தில் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சென்ற ரமலானில் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தாள். சகோதரிகளே, இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். தம்பி பிள்ளைப் பருவத்தில் ஒரு நோன்பு விடாமல் நோற்று எல்லாரிடமும் பாராட்டு வாங்கியவன். இரவில் வலியில் புரள்வான். ஈமான் உள்ள பிள்ளை என்று நாங்களும் மெச்சினோம்.

தம்பி இப்போது வாரம் ஐந்து நாள் டயாலிசிஸில் இருக்கிறான். அறுவைக்குப் பின் ஆறாம் மாதம் உம்மாவின் சிறுநீரகம் நின்றுவிட்டது. இனி கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். எங்களுள் பழுதில்லாத ஒருவர் கல்லீரலில் ஒரு பகுதி தர முன்வந்தார். இரத்த வகை பொருந்தவில்லை. ஆகவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் காத்திருக்கிறோம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று வழங்கும் முறை இம்மாநிலத்தில் 2008 முதல் ஒழுங்காக நடைபெறுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து அத்தகைய கொடையாளர்களின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையோடு நடக்கிறது. நெடுஞ்சாலையோரம் வாழ்கிறவர்கள் நாங்கள். ஆம்புலன்ஸ் ஒலி கேட்காத நாள் இல்லை. முன்பு அந்த ஒலி கேட்டால் உள்ளே இருப்பவருக்காகத் துஆச் செய்வோம். இப்போதும் செய்கிறோம். ஆனால் அதோடு வேறொன்றும் மனத்தில் எட்டிப் பார்க்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல நாங்கள் ஒருவருக்கொருவர் கூசுகிறோம். எவருடைய வீட்டுத் துக்கத்திலிருந்தோ எங்கள் வீட்டு ஆறுதல் வரவேண்டும் என்பதை எந்த வார்த்தையில் கேட்பது?

மருந்தும் இருக்கிறது. லுமாசிரான் என்ற ஊசியை 2020இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏற்றன. கல்லீரல் கிளையாக்சிலேட்டை ஆக்குவதையே தணிக்கும் மருந்து. 2023இல் நெடோசிரான் என்ற மற்றொன்று அமெரிக்காவில் வந்தது. விலை ஆண்டுக்குக் கோடிகளில். தங்கைக்கு அது கிடைத்தால் கல்லீரல் மாற்றும் நிலைக்கே அவள் போகாமல் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

பழவேற்காட்டு உறவினர்கள் எல்லாருக்கும் செய்தி சொல்வது என்று முடிவெடுத்தோம். உம்மாவுக்கு அதில் தயக்கம் இருந்தது. கடைசி மகளுக்கு இனி யார் வரன் கேட்பார் என்று. சொல்லாமல் ஒருவருக்குக் கொடுப்பது ஏமாற்று என்று தங்கையே சொன்னாள். இரண்டு பெருநாட்களுக்கு முன்பே பேசி வைத்திருந்த வரன் ஒன்று உண்டு. உம்மாவின் தம்பி மகன், மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கர். தாளையும் கட்டங்களையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன்தான் தாளை வாங்கி இருமுறை படித்தார். தம்மிடமும் ஒரு பாதி இருக்கக்கூடுமா என்று கேட்டார். இருக்கக்கூடும் என்றோம். அப்படியிருந்தால் பிள்ளைகளில் இரண்டில் ஒன்றுக்கு நோய் வரும். இல்லையென்றால் எந்தப் பிள்ளைக்கும் வராது, சுமந்து மட்டும் செல்வார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

சென்ற வியாழக்கிழமை அவர் தாமாகவே சென்னைக்கு வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முடிவு வர நான்கு வாரம் ஆகும் என்றார்களாம். தங்கை அதைப் பற்றி எங்களிடம் எதுவும் பேசவில்லை. இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறது. எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். உம்மாவும் எழுந்து விளக்கைப் போட்டு அவளோடு உட்கார்ந்திருக்கிறார்.